ஓரத்து எண்களை நாம் வாசிக்கவில்லை

நேற்றுப் பழைய மடிக்கணினி ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது. இன்று காலை புதியதைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அதன் பிளாஸ்டிக் வாசனை போகமுன்னரே விலைப்படம் வரையும் மென்பொருளை ஏற்றிவிட்டு, கை போன போக்கில் உன்னுடைய கொம்பனியின் பெயரை அடித்தேன். உன்னுடையது என்றால் நீ வேலை செய்தது அல்ல, பங்கு வாங்கி வைத்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில்கள் செய்கிற கொம்பனி.

திரையில் ஒரு மலை எழுந்தது. பல வருடங்களுக்குத் தரையோடு தரையாக ஊர்ந்து வந்த கோடு, வலது பக்கம் வந்ததும் செங்குத்தாக வானத்துக்குப் பாய்ந்தது. புதுக் கணினிக்கு என் பழக்கம் தெரியாது. தன் பிறவிக் குணப்படி சம அளவிடையில் படத்தைத் திறந்திருந்தது. ஓரத்துச் சிறு பெட்டியில் ‘லொக்’, அதாவது மடக்கை அளவிடை, என்று இருந்ததை அழுத்தினேன். மலை படுத்துக்கொண்டது. அதே நாட்கள், அதே விலைகள். ஆனால் இப்போது தெரிந்தது அடிமட்டக் கோல் வைத்து இழுத்ததுபோல ஒரே சாய்வில் அமைதியாக ஏறிப்போகிற ஒரு கோடு.

ஒரு அழுத்து, அரை நொடி. ஆறு வருடங்களுக்கு முன்னர் நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

நாம் இருவரும் ஒரே வருடத்தில் கணிதம் படிக்கப் பல்கலைக்கழகம் போனவர்கள். வகுப்பில் நீதான் முதல். இதை எழுதுவது எனக்கு இப்போதும் இலகுவாக இல்லை. யுத்தம் நடந்த காலம், மூன்றாம் வருடத்தில் உன்னை ஆமி பிடித்துக்கொண்டு போனது. நீ வெளியே வந்தபோது பரீட்சையெல்லாம் முடிந்திருந்தது. நான் பட்டத்தோடு, புள்ளிக் கணக்கில் விசா எடுத்து சிட்னிக்கு வந்தேன். நீ பதினைந்து வருடங்கள் கழித்து, எந்த வழியால் என்று ஒருநாளும் முழுதாகச் சொல்லாத ஒரு வழியால் மெல்பேர்னுக்கு வந்தாய். நோபல் பார்க்கில் வீடு. டண்டினோங்கில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் உறைந்த மீன் பெட்டிகளை அடுக்கும் வேலை. கோடை வெயிலிலும் நீ தடித்த ஜக்கெற்றைக் கையில் மடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பாய் என்று உன் மனைவி சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

சனிக்கிழமை காலைகள் நம்முடையவை. நீ நகரசபை நூலகத்துக்குப் போய் வாரத்துக்கு ஒரு படம் அச்செடுத்துக்கொண்டு வந்து, குசினி மேசையில் விரித்துவிட்டு என்னை அழைப்பாய். நான் சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில், என் கணினிக்கு முன்னால் இருப்பேன். “ஸ்கிறீனில பாக்கிறது வாய்ப்பேச்சு மச்சான். கடதாசியில வந்தாத்தான் எழுத்து” என்பாய். அடிமட்டத்தை வைத்து, விலை கீழே வந்து தொட்ட இடங்களையெல்லாம் இணைத்து ஒரு கோடு இழுப்பாய். அந்தக் கோட்டில் விலை நிற்கும்வரை பயமில்லை என்பது உன் நம்பிக்கை.

உன்னுடைய இன்னொரு வாக்கியமும் உண்டு. “எவ்வளவு ஏறினது எண்டு கேக்காதை. எத்தனை மடங்கு எண்டு கேள்.” நம் இரு அளவிடைகளின் வித்தியாசமும் அதற்குள்ளேயே இருந்தது. சம அளவிடையில் ஒரு டொலருக்கும் இரண்டு டொலருக்கும் இடையிலுள்ள தூரம், முப்பத்தொன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் இடையிலுள்ள அதே தூரம். லொக் அளவிடையில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு எவ்வளவு தூரமோ, பதினாறிலிருந்து முப்பத்திரண்டுக்கும் அவ்வளவு தூரம். இருமடங்கு எங்கே நடந்தாலும் அதே உயரம். “ஒரு மாசத்துப் படத்துக்கு எதையும் போடு, காரியமில்லை. பத்து வருசத்துக்கு லொக் போடாட்டில் உனக்கு ஆரம்பம் முழுக்கச் சத்தமில்லாமலும் முடிவு முழுக்கக் கூக்குரலாயும் தெரியும்” என்று நீ எனக்குச் சொல்லத் தேவையில்லாமல் சொன்னாய். தெரியாதவனுக்குச் சொல்வதுபோல என்று அன்றைக்குக் கோபப்பட்டேன்.

நீ அந்தப் பங்கை இரண்டு டொலருக்கு வாங்கியிருந்தாய். எட்டு வருடங்களில் அது முப்பத்திரண்டாகி இருந்தது. நாற்பத்தெட்டுக்கு வந்தால் வீட்டுக் கடனை அடைத்துவிட்டுக் குளிர் அறையை விட்டு வெளியேறலாம் என்பது உன் கணக்கு. இந்தச் சாய்வில் போனால் இன்னும் ஒரு வருடம், கூடினால் ஒன்றரை. உன் முழங்கால்கள் அதற்குள்ளேயே பேசத் தொடங்கியிருந்தன. விற்கவா, வைத்திருக்கவா? அந்தச் சனிக்கிழமை நீ என்னிடம் கேட்டது அதைத்தான்.

“விலை என்ன காட்டுது உனக்கு?” என்றேன்.

“முப்பத்திரண்டு.”

“எனக்கும் முப்பத்திரண்டு. வித்துப்போடு.”

“ஏன்டா? கோட்டிலதானே நிக்குது.”

“எந்தக் கோட்டில? கோடு கீழ பாதாளத்தில கிடக்கு. விலை வானத்தில நிக்குது.”

“உனக்கென்ன விசரோ? நான் அடிமட்டம் வைச்சுப் பாத்துக்கொண்டு சொல்லுறன். கோட்டில, முட்டிக்கொண்டு நிக்குது.”

“அடிமட்டத்தை நேரா வைச்சனியோ?”

“நீ கண்ணாடியைப் போட்டனியோ?”

இப்படியே ஒன்றரை மணித்தியாலம். உன் படத்தை எடுத்து எனக்கு அனுப்பியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். “எனக்குப் படம் காட்டித் தெரிய வேண்டியதில்லை” என்று நான்தான் சொன்னேன். தேதியைச் சரிபார்த்தோம், அன்றைய விலையைச் சரிபார்த்தோம். இரண்டும் பொருந்தியதால் ஒரே படத்தைத்தான் பார்க்கிறோம் என்று இருவரும் நம்பினோம். கணிதம் படித்த இரண்டு பேரில் ஒருவனாவது ஓரத்தில் இருந்த எண்களை வாசித்துக் காட்டவில்லை.

வாய்ச்சண்டையில் நான் தோற்கத் தொடங்கியபோது அந்த வாக்கியத்தைச் சொன்னேன். “இத்தனை வருசம் குளிருக்க நிண்டு உன்ர மூளையும் உறைஞ்சு போச்சு.”

அந்தப் பக்கத்தில் கதிரை நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, “சரி மச்சான், நீ படிச்சு முடிச்சனீ. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்றாய். திங்கட்கிழமை விற்றுவிட்டாய்.

என் கணினி ஏன் சம அளவிடையில் இருந்தது என்பதை இப்போதாவது எழுதிவிட வேண்டும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், என்னோடு வேலை செய்த ஒருவன் சொல்லை நம்பி வேறொரு பங்கை உச்சியில் வாங்கி, பாதிக்கு மேல் இழந்திருந்தேன். அந்தப் படத்தை லொக்கில் பார்த்தால் விழுந்தது பெரிதாகத் தெரியவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு நடந்தது படுகுழியாகத் தெரிய வேண்டும். சம அளவிடைக்கு மாற்றினேன், செங்குத்துப் பாறைபோல வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, சொன்னவன்மேல் இருந்த கோபத்துக்குச் சோறு போட்டதுபோல இருந்தது. எல்லாப் படங்களுக்கும் அதுவே நிரந்தரமாகட்டும் என்று அழுத்தியதையும், பிறகு மறந்துபோனதையும் நானேதான் செய்தேன். என் கசப்பைப் பெரிதாக்கிப் பார்க்க வைத்த கண்ணாடியால் உன் வாழ்க்கையைப் பார்த்துப் புத்தி சொன்னேன்.

நீ விற்றபின் விலை இரண்டு மாதம் இருபத்தேழில் தூங்கியது. நான் இருமுறை அழைத்து, “சொன்னனான் தானே” என்றேன். பிறகு அது எழும்பி, பழைய சாய்விலேயே நடக்கத் தொடங்கியது. ஒன்றரை வருடத்தில் நாற்பத்தெட்டைத் தாண்டியது. அதைப்பற்றி நீ ஒரு சொல் சொல்லவில்லை. காலையில் ஜக்கெற்றோடு பஸ்ஸுக்குப் போய்க்கொண்டே இருந்தாய்.

அந்த நாட்களில்தான் மெல்பேர்னில், கிரான்பர்ன் பக்கம் ஒரு கலியாணத்துக்கு வந்து உன் வீட்டில் தங்கினேன். உன் மனைவி வடை சுட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் வடியட்டும் என்று ஒரு தட்டில் கடதாசி விரித்து அதன்மேல் வடைகளைப் போட்டாள்.

“பேப்பரோ தங்கச்சி உது?” என்றேன்.

“இவற்ற சாட் அண்ணை, அந்த விலைப்படம். பெட்டி நிறையக் கிடக்கு. இப்ப இவர் உதொண்டும் பாக்கிறேல்லை. எண்ணெய் உறிஞ்ச மட்டும் நல்லம்.”

நீ தேத்தண்ணியோடு வந்து இருந்தாய். “விட்டிட்டன் மச்சான். எனக்கு இப்ப சாட் பிடிபடுகுதில்லை” என்றாய். வழக்கமாக நீ சொல்லும் பகிடிக் குரலில் இல்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னாய்.

நான் வடையை எடுத்தேன். அது இருந்த இடத்தில் எண்ணெய் ஊறிக் கடதாசி கண்ணாடியாகியிருந்தது. ஓரத்து எண்கள் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே இடைவெளி. உன் பென்சில் கோடு அடியிலிருந்து நுனிவரை நேராகப் போனது. விலை அந்தக் கோட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

எனக்கு அந்தக் கணத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. நான் வடையைக் கடித்து, “உப்பு அளவாயிருக்கு” என்றேன்.

சிட்னிக்கு வந்தபின் உன்னை அழைப்பதைக் குறைத்தேன். பிறகு நிறுத்தினேன். நிறுத்தியதற்கு ஒரு காரணம் வேண்டுமே, என் மகனின் பட்டமளிப்பு விருந்துக்கு நீ வரவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டேன். நீ விடுமுறை கேட்டு மறுத்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை என் பட்டியலில் சேர்த்தேன். நான் பழக்கிவிட்ட பொடியனை எனக்கே மேலாளராக்கிய அலுவலகம், கோயில் நிர்வாகத்தில் என் பெயரை மட்டும் விட்டவர்கள், காணிப் பிரச்சினையில் தம்பியின் பக்கம் நின்ற மாமா, இப்போது நீ. பிழை செய்தவனுக்குப் பிழை செய்யப்பட்டவனைப் பார்க்கக் கோபம்தான் வருகிறது. இரண்டு வருடங்கள் அப்படிப் போயின.

உன் மனைவி அழைத்துத்தான் செய்தி தெரியும். “ஈரலில கான்சராம் அண்ணை. வாறதெண்டா இப்ப வாங்கோ.”

ஆஸ்பத்திரியில் நீ யன்னலோரக் கட்டிலில் இருந்தாய். கன்னங்கள் உள்ளே போயிருந்தன. குரல் அப்படியே இருந்தது.

“இந்தக் கட்டிலைப் பாத்தியோ? நம்மட கொம்பனி. சுவிச்சை அமத்தினா இருக்கிறவனையே எழுப்புது. அதுதான் விலை ஏறினது.”

“உன்னோட ஒரு கதை கிடக்கு” என்றேன்.

“கடன் கேக்கப் போறியோ? பேர்ஸ் மனிசியிட்டை.”

சொன்னேன். அளவிடையைச் சொன்னேன், ஏன் மாற்றியிருந்தேன் என்பதைச் சொன்னேன், வடைக் கடதாசியைச் சொன்னேன், அதற்குப் பிறகும் வாயைத் திறக்காமல் இருந்ததைச் சொன்னேன். நீ கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாய். பிறகு நீதிமன்றத்தில் கேட்பதுபோல ஒன்றொன்றாகக் கேட்டாய்.

“அண்டைக்கு உன்ர படம் சம ஸ்கேலோ?”

“ஓம்.”

“வடிவாத் தெரியுமோ?”

“ஓம். நான்தான் மாத்தி வைச்சனான்.”

“அப்ப என்ர கோடு சரி.”

“சரி.”

“விலை கோட்டிலதான் நிண்டது.”

“ஓம் மச்சான். கோட்டிலதான் நிண்டது.”

நீ கைகளை ஊன்றி எழும்பப் பார்த்தாய். “இஞ்சை வாருமப்பா! கேட்டீரோ? நான் பிழை விடேல்லையாம்!” தாழ்வாரத்தில் நின்ற உன் மனைவி பயந்து ஓடி வந்தாள். உன் முகத்தில் பரீட்சை முடிவு வந்த நாளின் முகம் இருந்தது. போன காசைப் பற்றி நீ கேட்கவே இல்லை.

அந்தச் சந்தோசம் முழுதாக ஓய்ந்த பிறகுதான் கோபம் வந்தது. நீ என்னைப் பார்க்காமல் பேசினாய்.

“காசு போனா மயிர். கூட ரெண்டு மூண்டு வருசம் நிண்டன், அதுவும் போகட்டும். நீ ஒரு சொல்லுச் சொன்னனீ. நான் அதை நம்பினனான்டா. உண்மையாவே மங்கிப்போச்சு எண்டு நம்பினனான். மகள் ஒருநாள் கணக்குக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து சொல்லித்தாங்கோ அப்பா எண்டவள். தெரிஞ்ச கணக்கு. பாத்த உடனை விடை வந்தது எனக்கு. ஆனா வாய் வரேல்லை. அப்பாவுக்குத் தெரியாது, ரியூசனுக்குப் போ எண்டிட்டன்.”

அப்போதுதான் நீ என் பக்கம் திரும்பினாய்.

“அந்தச் சொல்லுக்கு உன்னை மன்னிக்கேல்லை. சொல்லிப்போட்டன்.”

“சரி.”

“சனிக்கிழமை கோல் எடு.”

சிட்னிக்குத் திரும்பும் விமானத்தில் எனக்கு அது உறைத்தது. இருபத்தைந்து வருடப் பேச்சில் ஒரு வாக்கியம்தானே என்று நான் அதுவரை என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். என் அளவில் அது ஒரு புள்ளி. உன்னிடமிருந்து பட்டத்தை எடுத்துவிட்டார்கள், வருடங்களை எடுத்துவிட்டார்கள், நாட்டை எடுத்துவிட்டார்கள். ‘கணக்கில் நான் கெட்டிக்காரன்’ என்ற ஒரு நினைப்பு மட்டும் உன்னிடம் மிச்சம் இருந்தது. ஜக்கெற்றுக்குள் அதையும் போட்டுக்கொண்டுதான் நீ அந்தக் குளிருக்குள் போய் வந்திருக்கிறாய். அவ்வளவு கொஞ்சமாக வைத்திருந்தவனிடம் நான் கை வைத்தேன்.

அதன் பிறகு பதினொரு சனிக்கிழமைகள் கிடைத்தன. மகளைக்கொண்டு நூலகத்தில் படம் அச்செடுப்பித்தாய். பேச்சைத் தொடங்கும்போதே, “ஓரத்தை வாசி” என்பாய். நான் கீழிருந்து மேலாக எண்களை வாசிப்பேன், நீயும் உன்னுடையதை வாசிப்பாய், பிறகுதான் மற்றக் கதை. ஒருநாள், என்னை விழுத்திய அந்தப் பங்கின் படத்தையும் லொக்கில் எடுக்கச் சொல்லி வைத்திருந்தாய்.

“ஒரு படி இறங்கியிருக்கிறாய். இதுக்கோடா இவ்வளவு காலம் குழறினனீ?”

“அவன் அயோக்கியன்.”

“அது வேற. அயோக்கியனுக்கு ஸ்கேல் இல்லை.”

அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உனக்கு அதில் ஆட்சேபணை இருந்ததாகவும் தெரியவில்லை. உன்னை மட்டும் என் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். சேர்த்ததே பொய் என்பதால் எடுக்கும்போது வலிக்கவில்லை.

உன்னை வழியனுப்பிய மண்டபத்தில் நாலைந்து பேர் பேசினார்கள். அமைதியான மனிதர், கடும் உழைப்பாளி, யாருக்கும் தீங்கு நினையாதவர். எல்லோரும் அதையே சொன்னார்கள். பின்வரிசையில் குளிர்க் களஞ்சியத்து ஆட்கள் இருந்தார்கள், வியட்நாமியர்கள், ஆப்கானியர்கள், இரண்டு சிங்களவர்கள். எனக்கு மூன்று நிமிடம் தந்தார்கள். நான் எழுதிக்கொண்டு போனதை மடித்து வைத்துவிட்டு, தமிழில் சொன்னேன். எங்கள் வகுப்பில் இவன்தான் முதல். ஒருமுறை ஒரு படத்தை இருவரும் பார்த்தோம். இவன் வாசித்தது சரி, நான் வாசித்தது பிழை. பிழையாக வாசித்துக்கொண்டு, இவனுடைய மூளை உறைந்துவிட்டது என்று இவனுக்குச் சொன்னேன். அதுவும் பிழை.

மண்டபம் கொஞ்சம் அசைந்தது. சாவு வீட்டில் சொல்கிற பேச்சா இது என்று ஒருவர் இருமினார். முன்வரிசையில் இருந்த உன் மனைவி எழுந்து நின்றாள்.

“அண்ணை, அதை ஒருக்கா இங்கிலீசிலயும் சொல்லுங்கோ. அவரோட வேலை செய்தவைக்கும் விளங்கட்டும். பிள்ளையளுக்கும் விளங்கட்டும்.”

சொன்னேன். முப்பது வருடம் இங்கிலீசில் சம்பளம் வாங்குகிற எனக்கு அந்த நாலு வசனத்துக்கு வாய் தடுமாறியது. பின்வரிசையில் ஒரு வியட்நாமியர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பித் தலையை ஆட்டினார், எனக்கு அப்பவே தெரியும் என்பதுபோல.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் உன் மகள் என்னைத் தேடி வந்தாள்.

“அங்கிள், ஸோ அப்பா வாஸ் ரைட்?”

“ஓம் பிள்ளை.”

“ஹவ் டிட் யூ கெட் இட் ரோங்?”

அஞ்சலிப் பத்திரத்தின் பின்பக்கத்தில், காரின் மூடியில் வைத்து, அவளுக்குப் படம் கீறினேன். ஒரு பக்கம் என் அளவிடை, மற்றப் பக்கம் உன்னுடையது. ஒன்று, இரண்டு, நான்கு என்று முப்பத்திரண்டுவரை எழுதினேன். அவள் பேனையை வாங்கி, அதே இடைவெளி விட்டு, மேலே அறுபத்துநான்கு என்று எழுதினாள். உன்னைப்போலவே நான்குக்கு ஒரு சிறு வால் இழுத்தாள். பிறகு கடதாசியைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, “ஹீ டோல்ட் மீ ஹீ வாஸ் பாட் அற் மாத்ஸ்” என்று சொல்லிவிட்டு அழுதாள்.

நீ மன்னிக்கவில்லை என்றாய். அதை நான் அப்படியே வைத்திருக்கிறேன், குறைக்கச் சொல்லி யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் வென்ட்வேர்த்வில் ஸ்டேசன் பக்கத்துக் கடைகளில் நம்மை அறிந்தவர்கள் எதிர்ப்பட்டால் உன்னைப் பற்றிப் பேச்சு வரும். “பாவம், நல்ல மனிசன். கடைசிவரை அந்தக் குளிருக்க நிண்டு கஷ்டப்பட்டவர்” என்பார்கள். நான் அவர்களை நிறுத்திவிடுவேன். எங்கள் வகுப்பில் முதல் அவன்தான் என்று தொடங்கி, படத்தையும் கோட்டையும், நான் சொன்ன சொல்லையும் மறைக்காமல் சொல்வேன். அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பரமற்றா ரயில் வருகிறது என்பார்கள். அடுத்தது பத்து நிமிடத்தில் வரும் என்று சொல்லி, முழுவதையும் கேட்டபிறகுதான் போகவிடுகிறேன்.